வட்டக்கானலில் நடை, கும்பக்கரையில் குளியல்

சனிக்கிழமை விடிந்ததும் கொடைக்கானல் பக்கத்து வட்டக்கானலில் நடையைத் தொடங்குங்கள். டால்பின் மூக்குப் பாறையில் படம் எடுப்பவர்களைத் தாண்டி வெள்ளகவி என்ற மலைக்கிராமத்தின் பக்கம் இறங்கும் பாதைதான் நமக்கு. அதற்கு முன் வனத்துறையிடம் அனுமதி கேட்டு, ஊர்க்காரர் ஒருவரை வழிகாட்டக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இறக்கம்தானே என்று நானும் இளக்காரமாக நினைத்தேன். மறுநாள் படி இறங்க முடியாமல் முழங்கால் கெஞ்சியது! கையில் கம்பு அவசியம். காலில் பிடி உள்ள ஷூ, நகம் வெட்டிய விரல்கள். வெள்ளகவிக்குள் மட்டும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அது ஊர் வழக்கம். அட்டைக்கு உப்புப் பொட்டலம் போதும்.

அங்கிருந்து இறங்கி வந்தால் மலையடிவாரத்தில், பெரியகுளம் பக்கம் கும்பக்கரை அருவி. வேர்வையோடு ஓடிப்போய்க் குதிக்காதீர்கள். சில்லென்ற தண்ணீர் பட்டதும் மூச்சு திணறும். அந்த நேரத்தில் தலை மூழ்கினால் தண்ணீரை இழுத்துவிடுவோம். முதலில் கால், அப்புறம் கை, முகம். மூச்சு சீரான பிறகு இடுப்பளவுக்கு இறங்குங்கள். கெஜம் என்று சொல்லும் ஆழக் குழிகள் பக்கமே வேண்டாம், நீச்சல் தெரிந்தாலும். மலைமேல் மழை பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும். தண்ணீர் கலங்கினால் உடனே கரையேறுங்கள்.

நடுக்கம் வரும் முன்பே வெளியே வந்து துவட்டிவிடுங்கள். பிளாஸ்கில் சுக்குக் காபி இருக்கட்டும்.