ஐ.ஐ.எம். விண்ணப்பத்தை முதல் முறை நிரப்புகிறவர்களுக்கு

ஐ.ஐ.எம். எனப்படும் இந்திய மேலாண்மைக் கழகங்களில் எம்.பி.ஏ. சேர்வதற்கான கேட் (CAT) தேர்வுக்காக ஆறேழு மாதம் தூக்கம் துறந்து படிக்கிற பிள்ளைகள், அதன் விண்ணப்பத்தை மட்டும் கடைசி நாள் மாலையில் அரை மணி நேரத்தில் நிரப்பி முடிக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு மாணவி நல்ல பெர்சென்டைல் (எத்தனை சதவீதம் பேரை முந்தினோம் என்ற கணக்கு) எடுத்தாள். நேர்காணலும் நன்றாகவே போனது. ஆனால் சேர்க்கையின்போது ஒரே ஒரு சான்றிதழால் இடத்தை இழந்தாள். அன்றிலிருந்து யார் ஆலோசனை கேட்டாலும் பாடத்துக்கு முன்னால் விண்ணப்பத்தைப் பற்றித்தான் பேசுகிறேன்.

பதிவு வழக்கமாக ஆகஸ்ட் தொடக்கத்தில் ஆரம்பித்து செப்டம்பரில் முடியும். தேர்வு நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை. உங்கள் வேலை ஜூன் மாதமே தொடங்கட்டும்.

படி 1: பெயரைச் சரிபாருங்கள்

பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பட்டப்படிப்பு மதிப்பெண் பட்டியல், ஆதார் மூன்றையும் மேசையில் அருகருகே வையுங்கள். நம் ஊரில் ஒன்றில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஒன்றில் பின்னால் இருக்கும், மற்றொன்றில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். தேர்வு மையத்தில் காட்டப்போகும் அடையாள அட்டையும் விண்ணப்பமும் ஒத்துப்போக வேண்டும். ஆதாரைத் திருத்த வேண்டியிருந்தால் இப்போதே திருத்துங்கள்.

படி 2: எந்தப் பிரிவு என்பதை அறிந்துகொள்ளுங்கள்

இந்த இடத்தில் நிதானமாக வாசிக்க வேண்டுகிறேன். நான் சொன்ன மாணவி சறுக்கியது இங்கேதான்.

தமிழ்நாட்டில் பி.சி., எம்.பி.சி. என்று சாதிச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள், ஐ.ஐ.எம். விண்ணப்பத்தில் ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினர்) என்ற கட்டத்தைப் பார்த்ததும் தயங்காமல் அழுத்திவிடுகிறார்கள். ஐ.ஐ.எம்.கள் மத்திய அரசின் கல்வி நிறுவனங்கள். அங்கே ஓ.பி.சி.க்கு 27 சதவீத இடஒதுக்கீடு உண்டு. ஆனால் அதற்கு மூன்று நிபந்தனைகள். உங்கள் சாதி மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் இருக்க வேண்டும். மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாச் சாதிகளும் அதில் இல்லை. குடும்பம் கிரீமிலேயர், அதாவது வசதி காரணமாக இடஒதுக்கீடு மறுக்கப்படும் பிரிவுக்குள் வரக்கூடாது. 2017 முதல் அதன் வருமான உச்சவரம்பு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். சான்றிதழ் மத்திய அரசின் படிவத்தில், பெரும்பாலும் அந்த நிதியாண்டில் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். பள்ளியில் சேர்ந்தபோது வாங்கிய நிரந்தரச் சாதிச் சான்றிதழ் இங்கே செல்லாது. மாநில இடஒதுக்கீட்டில் பி.சி., எம்.பி.சி. பிரிவினருக்குக் கிரீமிலேயர் கணக்கே கிடையாது என்பதால், இப்படி ஒன்று இருப்பதே பல வீடுகளுக்குத் தெரிவதில்லை.

இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும்போது, மத்திய அரசுக்கான ஓ.பி.சி. சான்றிதழ் என்று தெளிவாகக் கேளுங்கள். வந்ததும் எழுத்துப் பிழை உண்டா என்று பாருங்கள். பதிவு முடிந்த பிறகு பிரிவை மாற்ற முடியாது. பின்னர் திறக்கப்படும் திருத்த வாய்ப்பு புகைப்படம், கையொப்பம், தேர்வு நகரம் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே.

படி 3: உங்கள் மின்னஞ்சல், உங்கள் கைபேசி எண்

பிரவுசிங் சென்டரில் விண்ணப்பித்தால்கூட அங்கிருப்பவரின் எண்ணைத் தராதீர்கள். நேர்காணல் அழைப்பு வருவது பெரும்பாலும் அடுத்த ஆண்டு ஜனவரிக்கு மேல்.

படி 4: மதிப்பெண்களை உள்ளபடி எழுதுங்கள்

பன்னிரண்டாம் வகுப்பு என்றதும் பொறியியல் கட்-ஆஃப் மதிப்பெண்ணை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். விண்ணப்பம் கேட்பது மதிப்பெண் பட்டியலில் உள்ள எல்லாப் பாடங்களின் கூட்டுத்தொகை. தமிழும் ஆங்கிலமும் அதில் சேரும். சி.ஜி.பி.ஏ.வைச் சதவீதமாக மாற்ற உங்கள் பல்கலைக்கழகத்தின் சூத்திரத்தையே பயன்படுத்துங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால் பெற்றதை அதிகபட்சத்தால் வகுத்து 100 ஆல் பெருக்கச் சொல்கிறது கேட் அறிவிப்பு. அடிப்படைத் தகுதி பட்டப்படிப்பில் 50 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 45. இறுதியாண்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம்.

பணி அனுபவத்தில் முழுநேர வேலை மட்டுமே கணக்கு. இன்டர்ன்ஷிப்பைச் சேர்த்து மாதங்களைக் கூட்டாதீர்கள். நியமனக் கடிதமும் சம்பளச் சீட்டும் கேட்பார்கள்; முரண்பட்டால் கிடைத்த இடமும் கைவிட்டுப் போகும்.

படி 5: கல்லூரிகளைத் தேர்ந்தெடுங்கள்

எத்தனை ஐ.ஐ.எம்.களைக் குறித்தாலும் கட்டணம் ஒன்றுதான். 2025இல் அது பொதுப் பிரிவினருக்கும் ஓ.பி.சி.யினருக்கும் 2,600 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 1,300. ஆகவே கஞ்சத்தனம் வேண்டாம். ஒவ்வொரு ஐ.ஐ.எம்.மின் சேர்க்கை விதிமுறையையும் அதன் இணையதளத்தில் படியுங்கள். ஐ.ஐ.எம். பெங்களூரு பத்து, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களுக்கும் கணிசமான மதிப்பு தருகிறது. பள்ளி மதிப்பெண் குறைந்தவர்கள் இதை முன்பே அறிந்தால், நம்பிக்கையை ஒரே இடத்தில் குவிக்காமல் இருக்கலாம்.

கேட் எழுதினால் எல்லாக் கல்லூரிக்கும் விண்ணப்பித்தாயிற்று என்று எண்ணுவது பெரும் தவறு. சென்னை ஐ.ஐ.டி.யின் எம்.பி.ஏ.வும் டெல்லி பல்கலைக்கழகத்தின் மேலாண்மைக் கல்லூரியான எஃப்.எம்.எஸ்.ஸும் கேட் மதிப்பெண்ணை ஏற்கும், ஆனால் தனி விண்ணப்பம் வேண்டும். ஜாம்ஷெட்பூரின் மேலாண்மைக் கல்லூரியான எக்ஸ்.எல்.ஆர்.ஐ.க்கு ஜனவரியில் நடக்கும் சாட் (XAT) தேர்வு. தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் எம்.பி.ஏ. கலந்தாய்வுக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட். தேதிகளை ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

படி 6: நோக்க அறிக்கையை நீங்களே எழுதுங்கள்

சில கல்லூரிகள் ஏன் எம்.பி.ஏ. என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லும். “தலைமைப் பண்பை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன்” என்று ஆரம்பிக்கும் அறிக்கைகளைப் படித்துப் படித்துச் சலித்துவிட்டேன். அதில் எழுதியவர் எங்கே இருக்கிறார்? திருப்பூரில் அப்பாவின் பின்னலாடைப் பட்டறையில் கணக்கு பார்த்தவர் என்றால் அதை எழுதலாமே. நூலுக்கு உடனே பணம் தர வேண்டியிருந்தது. ஏற்றுமதிப் பணம் மூன்று மாதம் கழித்துத்தான் வந்தது. அந்த இடைவெளியில் கந்துவட்டிக்கு வாங்கிய கடன் லாபத்தைத் தின்றது. நிதி மேலாண்மை கற்க வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. இப்படி எழுதினால் நேர்காணலில் அவருக்குப் பேசவும் விஷயம் இருக்கும். ஒரே அறிக்கையைப் பல இடங்களுக்கு அனுப்பும்போது, முந்தைய கல்லூரியின் பெயர் உள்ளே நின்றுவிடாமல் பாருங்கள்.

படி 7: நகல்

சமர்ப்பிக்கும் முன் வேறொருவரை உட்காரவைத்து, அவர் சான்றிதழ்களை வாசிக்க நீங்கள் திரையைச் சரிபாருங்கள். கட்டணம் செலுத்தியதும் விண்ணப்பத்தை இறக்கி அச்செடுத்து, மூலச் சான்றிதழ்களோடு ஒரே கோப்பில் வையுங்கள். நேர்காணலுக்கு முந்தைய இரவு அந்த அச்சுப் பிரதியை இரண்டு முறை வாசியுங்கள். பொழுதுபோக்கு என்ற இடத்தில் சதுரங்கம் என்று எழுதியிருந்தால், கடைசியாக ஆடிய ஆட்டத்தைப் பற்றிக் கேட்பார்கள்.