லோடு இறங்கியாச்சு, பணம் எங்கே? பில்லை விற்கும்போது லாரிக்காரர் செய்யும் தவறுகள்

நாமக்கல், சங்ககிரி பக்கம் புக்கிங் ஆபீஸில் மார்க்கெட் லோடு, அதாவது கான்ட்ராக்ட் இல்லாமல் அவ்வப்போது கிடைக்கிற லோடு எடுத்தால், வாடகையில் பெரும்பங்கு லோடு ஏற்றும்போதே அட்வான்ஸாக வந்துவிடும். கம்பெனி கான்ட்ராக்டில் ஓட்டுகிறவர் கதை வேறு. பில் போட்டு 45 நாள், 60 நாள், சில இடத்தில் 90 நாள்கூட காத்திருக்க வேண்டும். டீசல் பங்க் அதுவரை பொறுக்காது. பைனான்ஸ் டியூவும் பொறுக்காது.

இந்த இடைவெளிக்குத்தான் ஃபேக்டரிங். பில்லை ஒரு நிதி நிறுவனத்திடம் ஒப்படைத்தால் பொதுவாக 80, 90 சதவீதம் உடனே கைக்கு வரும். கம்பெனி பணம் கட்டிய பிறகு, கட்டணம் போக மீதி வரும். நல்ல ஏற்பாடுதான், நானே பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் இதில் நாம் வாங்குவது நாட்களை மட்டும்தான். அதைப் புதுப் பணம் என்று நினைக்கும்போதுதான் கணக்கு பிசகுகிறது.

முதல் பிசகு, கட்டணத்தை பில் தொகையோடு ஒப்பிடுவது. ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். வாடகை 90,000 ரூபாய். டீசல், சுங்கம், டிரைவர் படி, ஏற்று இறக்குக் கூலி எல்லாம் சேர்த்து 70,000 என்று வையுங்கள். மிச்சம் 20,000. கட்டணம் மாதம் ஒன்றரை சதவீதம், கம்பெனி 60 நாளில் கட்டுகிறது என்றால் 2,700 ரூபாய் போகும். 90,000-க்கு அது 3 சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் கையில் நிற்கிற 20,000-த்தில் அது பதின்மூன்றரை சதவீதம். அந்த 20,000-த்தில்தான் டியூ, டயர், இன்சூரன்ஸ், எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) எல்லாம் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. முன்பணமாக வந்தது 80 சதவீதம், அதாவது 72,000 தான்; கட்டணமோ முழு பில்லுக்கு. கைக்கு வந்த தொகைக்குக் கணக்கிட்டால் வருடத்துக்கு இருபத்திரண்டரை சதவீதம் ஆகிறது. இது தெரிந்தே எடுத்தால் சரி.

அடுத்தது ஒப்பந்தத்தில் ‘ரிகோர்ஸ்’ என்ற சொல். கம்பெனி பணம் கட்டாவிட்டால் யார் தலையில் விழும் என்பதை அதுதான் சொல்கிறது. ரிகோர்ஸ் உண்டு என்றால் வாங்கியதை நீங்கள்தான் திருப்பித் தர வேண்டும். எனக்கு இது பட்ட பிறகுதான் புரிந்தது. வடக்கே ஒரு கிடங்கில் லோடு இறக்கினோம். சரக்கை வாங்கியவர் எல்ஆர் (லோடுக்கான லாரி ரசீது) நகலின் பின்பக்கம் இந்தியில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். டிரைவருக்கு அது படிக்கத் தெரியாது. அவர் அதை மடித்து, சீட்டுக்கு மேலே சொருகிவிட்டு, வேறு ஊருக்கு ரிட்டர்ன் லோடு பிடித்துப் போய்விட்டார். பன்னிரண்டு நாள் கழித்து காகிதம் ஆபீசுக்கு வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது: ‘இரண்டு மூட்டை ஈரம்’. கம்பெனி முழு பில்லையும் நிறுத்தி வைத்தது. நிதி நிறுவனம் தந்த முன்பணத்தை அடுத்த பில்லில் பிடித்துக்கொண்டது. இரண்டு மூட்டைக்காக இரண்டு டிரிப் பணம் முடங்கியது. அப்புறம்தான் இறக்கிய இடத்திலேயே எல்ஆரின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பினால்தான் படி என்று டிரைவர்களிடம் சொல்லிவிட்டேன். முனகினார்கள், ஆனால் அனுப்பினார்கள்.

பேங்கில் ஓடி (ஓவர்டிராஃப்ட்) கடன் வைத்திருப்பவர்கள் இன்னொரு இடத்தில் மாட்டுவார்கள். ஓடி கொடுக்கும்போதே வரவேண்டிய பாக்கிகளை வங்கி பெரும்பாலும் அடமானமாக எழுதி வாங்கியிருக்கும். அதே பில்லை வங்கியின் தடையில்லாக் கடிதம் இல்லாமல் ஃபேக்டரிங்குக்குக் கொடுத்தால் ஒரே சொத்தை இரண்டு பேருக்கு எழுதிக் கொடுத்த கதைதான். அதேபோல், பில்லை விற்ற பிறகும் கம்பெனி பழக்கத்தில் உங்கள் பழைய கணக்கிலேயே பணம் போட்டுவிடும். அது உங்கள் பணம் இல்லை. டயர் வாங்கிவிட்டால் சிக்கல்.

பெரிய கம்பெனிக்கு ஓட்டுகிறவர்கள் தனியாரிடம் போகும் முன் டிரெட்ஸ் தளங்களை, அதாவது சிறு நிறுவனங்களின் பில்லை ஏலத்தில் விற்கும் இணையதளங்களைப் பார்க்காமல் விடுவது எனக்குப் புரியாத விஷயம். ரிசர்வ் வங்கி அனுமதியோடு ஆர்எக்ஸ்ஐஎல், எம்1எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் போன்றவை நடக்கின்றன. கம்பெனி பில்லை ஏற்றுக்கொண்டதும் வங்கிகள் அதற்கு ஏலம் கேட்கும். வட்டி பெரும்பாலும் கம்பெனியின் பெயரை வைத்துத்தான் அமையும், உங்கள் பெயரை வைத்து அல்ல. கம்பெனி கட்டத் தவறினாலும் உங்களிடம் திரும்ப வர மாட்டார்கள். விற்றுமுதல் 250 கோடிக்கு மேல் உள்ள கம்பெனிகள் இதில் சேர்ந்தாக வேண்டும். சேர்ந்துவிட்டு நம் பில்லை மட்டும் ஏற்றாமல் இழுப்பவர்களும் உண்டு. கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இதற்கெல்லாம் உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு வேண்டும். அது இல்லாமல் ஓட்டுவதுதான் வீணான தவறு, ஏனென்றால் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு, என்ன ஒப்பந்தம் போட்டாலும், 45 நாளுக்குள் பணம் தரவேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. லோடு தருகிற கம்பெனி மேல் யார் புகார் கொடுப்பார்கள் என்று கேட்பீர்கள். நியாயம்தான். அதற்கு ஒரு சாந்தமான வழி இருக்கிறது. அந்தக் கெடு தாண்டிய தொகையை, உண்மையில் கட்டிய வருடத்தில்தான் செலவாகக் காட்ட முடியும் என்று வருமான வரிச் சட்டத்தில் 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் ஏற்பாடு இருக்கிறது. மார்ச் முதல் வாரத்தில் உத்யம் சான்றிதழை இணைத்து, நிலுவைப் பட்டியலோடு கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு ஒரு மெயில் போடுங்கள். மிரட்ட வேண்டாம், அவர்களுடைய ஆடிட்டரே மீதியைப் பார்த்துக்கொள்வார்.