உதவி மேசையின் இரண்டாவது திரை: எங்கே சறுக்குகிறோம்?

நூலக உதவி மேசையில் வாசகர் பக்கம் திருப்பி ஒரு மானிட்டர் வைப்பது நல்ல ஏற்பாடு. நாம் 'ஜெயலட்சுமி' என்று தட்டச்சு செய்யும்போதே, "ஜயலட்சுமி என்று போட்டுப் பாருங்கள், புத்தக அட்டையில் அப்படித்தான் இருக்கும்" என்று எதிரில் இருப்பவர் திருத்திவிடுவார். ஆனால் அந்தத் திரையில் எது தெரியலாம், எது கூடாது என்று யோசிக்காமல் வயரைச் செருகிவிட்டுப் போனால் தொல்லைதான்.

பெரிய தவறு, திரையை 'டூப்ளிகேட்' முறையில் விடுவது. நம் திரையில் உள்ள அத்தனையும் அந்தப் பக்கமும் தெரியும். பணியில் சேர்ந்த புதிதில் ஓர் உறுப்பினரின் அபராதக் கணக்கைத் திறந்து வைத்திருந்தேன். அடுத்து வந்தவர் அதைப் படித்துவிட்டு, "எங்கள் தெருக்காரர்தான். இவ்வளவு பாக்கியா?" என்றார். அவருக்குச் சிரிப்பு, எனக்கு அன்று முழுவதும் மனம் ஆறவில்லை.

விண்டோஸ் விசையுடன் 'பி'யை அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' முறையைத் தேர்ந்தெடுங்கள். அப்போது நாம் நகர்த்தி வைக்கும் சாளரம் மட்டுமே வாசகர் திரையில் இருக்கும். விண்டோஸ், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு பக்கவாட்டு அம்புக்குறியை அழுத்தினால் சாளரம் ஒரே தாவலில் அங்கே போய்விடும்.

அதற்குப் பிறகும் ஒரு பள்ளம் இருக்கிறது. கோஹா போன்ற நூலக மென்பொருளில் பணியாளர் பக்கம் வேறு, வாசகர்கள் நூல்களைத் தேடும் இணையப் பட்டியலான 'ஓபாக்' வேறு. பணியாளர் பக்கத்தில் ஒரு நூலைத் தேடினால், அது இரவலில் போயிருக்கும்போது, எடுத்தவரின் பெயரே வழக்கமாக அங்கு வந்து நிற்கும். உறுப்பினர் பதிவைத் திறக்கவே வேண்டாம். விவாகரத்துச் சட்டம் பற்றிய நூலை யார் எடுத்துப் போனார் என்பது வரிசையில் நிற்பவர்களுக்கு எதற்கு? வாசகர் திரையில் ஓபாக்கை மட்டும் வையுங்கள். வீட்டில் கைபேசியில் அவர் திறக்கப்போவதும் அதைத்தான். நம் பக்கத்துப் பொத்தான்களைக் காட்டிக் கற்றுக்கொடுத்தால் அங்கே போய்த் தேடித் தவிப்பார்.

உலாவியின் முகவரிப் பட்டையும் வாயாடிதான். ஓர் எழுத்தைத் தட்டினாலே காலையிலிருந்து திறந்த பக்கங்களை வரிசையாகச் சொல்லிவிடும். வாசகர் திரைக்கென்று உலாவியில் தனிக் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்று நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த விதியைச் சாக்காக வைத்து, மின்னல் வேகத்தில் மௌஸைச் சுழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். எதிரே இருப்பவருக்குச் சாளரங்கள் பறப்பது மட்டும்தான் தெரியும். நூல் எந்த அலமாரியில் இருக்கிறது என்று காட்டும் வகைப்பாட்டு எண் வந்ததும் கையை எடுத்துவிட்டு, அவர் எழுதிக்கொள்ளும் வரை சும்மா இருங்கள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினால், கண்ட்ரோலுடன் கூட்டல் குறியை அழுத்தி எழுத்தைப் பெரிதாக்குங்கள். மேசையை விட்டு எழுந்தால் விண்டோஸ் விசையும் 'எல்'லும். இரண்டு திரைகளும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும்.

தேர்வு நுழைவுச்சீட்டை அச்செடுக்க வருகிறவர்களில் சிலர் மின்னஞ்சல் கடவுச்சொல்லைச் சத்தமாகச் சொல்லத் தொடங்குவார்கள். "நீங்களே போட்டுக்கொடுங்கள் சார்" என்பார்கள். அவசரம் புரிகிறது, ஆனாலும் நம் கணினியில் அதைச் செய்யக் கூடாது. பொதுக் கணினிக்கு அழைத்துப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் தட்டச்சு செய்து முடிக்கும் வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நில்லுங்கள்.