உறுதிக் கடிதம் ஸ்பேமில் விழுந்த காரணம்

காசிமேட்டிலிருந்து கருவாட்டை இணையத்தில் விற்கிறேன். புதுச் சரக்கு வந்ததும் தெரிவிக்க வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகளைச் சேர்த்துவந்தேன். படிவம் நிரப்பியவர்களில் பாதிப்பேர்கூடப் பட்டியலில் ஏறவில்லை. படிவம் நிரப்பியதும் முகவரியை உறுதிப்படுத்தக் கேட்டுப் போகும் கடிதம் ஸ்பேமில் கிடந்தது.

தலைப்பை மாற்றினேன், நெத்திலிப் படத்தை எடுத்தேன், 'தள்ளுபடி' என்ற சொல்லை நீக்கினேன். நான்கு நாள் வீண்.

பிறகு ராயபுரத்து அக்காவின் ஜிமெயிலில் அக்கடிதத்தின் மூல வடிவத்தைத் திறந்தேன். எஸ்பிஎஃப் சோதனைக்கு, அதாவது என் முகவரியின் பெயரில் கடிதம் அனுப்ப அந்தச் சேவைக்கு அனுமதி உண்டா என்று பார்க்கும் சோதனைக்கு, எதிரே 'பெர்ம்எரர்' (நிரந்தரப் பிழை) என்றிருந்தது. என் டொமைனின் (கடையின் இணையப் பெயரின்) டிஎன்எஸ் பதிவுகளில், அதாவது அந்தப் பெயருக்கான பொதுப் பதிவேட்டில், அனுமதியைச் சொல்லும் 'வி=எஸ்பிஎஃப்1' என்று தொடங்கும் வரிகள் இரண்டு: ஒன்று பழைய அஞ்சல் பெட்டிக்கு, மற்றொன்று கடிதம் அனுப்பும் புதிய சேவைக்கு. தனித்தனியே பார்த்தால் இரண்டிலும் பிழையில்லை. அதனால்தான் முன்பு பார்த்தபோதும் கண்ணில் படவில்லை. ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் வரி ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் சோதனையே பிழையாகி நின்றுவிடுகிறது.

இரண்டிலும் அனுமதி பெற்ற சேவையைக் குறிக்கும் 'இன்க்ளூட்' பகுதிகளை ஒரே வரியில் இணைத்து, இறுதியில் மற்ற எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பார்க்கச் சொல்லும் '~ஆல்' ஒன்றை மட்டும் வைத்து, மற்றதை அழித்தேன். மறுநாள் காலை அக்காவின் இன்பாக்ஸில் கடிதம் நேராக வந்திருந்தது. அப்பாடா என்றிருந்தது.

விடுபட்டவர்களுக்கு ஒருமுறை மட்டும் மீண்டும் அனுப்பினேன். அப்போதும் உறுதிப்படுத்தாதவர்களை நானாகப் பட்டியலில் சேர்க்கவில்லை. அவர்கள் ஸ்பேம் என்று குறித்தால் மற்றவர்களுக்குப் போகும் கடிதங்களும் கெடும்.