ஸ்கூல் பாண்ட் லிமிட்: காசுன்னு நெனச்சா வர்ற தப்புங்க

அமெரிக்காவுல 2009 ரெகவரி ஆக்ட்ல (பொருளாதாரத்த தூக்கி நிறுத்த போட்ட சட்டம்) ஸ்கூல் கட்டுறதுக்குன்னு க்யூஎஸ்சிபின்னு ஒரு பாண்ட், அதாவது கடன் பத்திரம், கொண்டு வந்தாங்க. அதப்பத்தி எழுதுறவங்க நிறைய பேர் "ஃபெடரல் கவர்மெண்ட் 2,200 கோடி டாலர் குடுத்துச்சு"ன்னு போடுறாங்க பாருங்க, அங்கயே தப்பு ஆரம்பிக்குது. குடுக்கல. 2009க்கு 1,100 கோடி, 2010க்கு 1,100 கோடி, இவ்ளோ வரைக்கும் கடன் வாங்கிக்கலாம்னு உச்சவரம்பு போட்டாங்க, அவ்ளோதான். வட்டியில பெரும்பகுதிய ஃபெடரல் பாத்துக்கும், சில சமயம் முழுசாவே, ஆனா அசல் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (அந்தந்த ஊர் ஸ்கூலுங்கள நடத்துற அமைப்பு) தலையிலதான். க்ரெடிட் கார்டு லிமிட்ட ஏத்துனதுக்கு சம்பளம் கூடிருச்சுன்னு பார்ட்டி வச்ச கதைதான் இது. லிமிட் கைல இருந்தாலும், கடன் வாங்க மக்கள் ஓட்டெடுப்பு வேணும்ங்கிற ஊர்ல ஓட்டு வாங்கியே ஆகணும்னு இருந்துச்சு, கலிபோர்னியால ப்ராப் 39ங்கிற சட்டம் வழியா போனா 55 சதவீதம்.

அப்புறம், மொத்த லிமிட்டையும் ஸ்டேட்தான் பிரிச்சு குடுத்துச்சுன்னு நெனச்சிடாதீங்க. ஸ்டேட் கைக்கு வந்தது 60 சதவீதம், அதுவும் ஏழைப் பிள்ளைங்களுக்கான டைட்டில் ஒன்ங்கிற ஃபெடரல் கிராண்ட் கணக்கு வச்சு. மீதி 40 பெரிய டிஸ்ட்ரிக்ட்டுங்களுக்கு நேரா போச்சு, அவங்க வேணாம்னா ஸ்டேட்டுக்கு விட்டுக்குடுக்க முடிஞ்சுது.

க்யூஇசட்ஏபின்னு இன்னொரு ஸ்கூல் பாண்ட் இருந்துச்சு, அதையும் இதையும் போட்டு குழப்புறது இன்னொரு தப்பு. க்யூஇசட்ஏபில புதுக் கட்டடம் கட்ட முடியாது, பழுதுபாக்கலாம், சாமான் வாங்கலாம், தனியார் பங்களிப்பா 10 சதவீதம் காட்டணும்னு இருந்துச்சு. க்யூஎஸ்சிபில புதுசா கட்ட முடிஞ்சுது, அதுக்கு நிலமும் வாங்க முடிஞ்சுது.

கெடு விஷயத்துல அசந்தா கஷ்டமாயிருந்துச்சு. பாண்ட் போட்டு 6 மாசத்துல 10 சதவீதத்துக்காவது வெளியாளோட ஒப்பந்தம் ஆகும்னும், 3 வருஷத்துல மொத்தமும் செலவாகும்னும் நியாயமான எதிர்பார்ப்பு இருக்கணும், 3 வருஷம் முடிஞ்சும் காசு மிச்சம் இருந்து நீட்டிப்பும் கெடைக்கலன்னா 90 நாளுக்குள்ள அந்த அளவு பாண்டுக்கு காசக் குடுத்து திருப்பி எடுத்துக்கணும்னு விதி இருந்துச்சு. கூலியும் டேவிஸ்-பேக்கன் சட்டப்படிதான் (அந்த ஊர்ல நடப்புல இருக்குற கூலிய குடுக்கணும்ங்கிற சட்டம்) குடுக்க வேண்டியிருந்துச்சு, எஸ்டிமேட்ல இத விட்டவங்க டெண்டர் வந்ததும் முழிக்க வேண்டியதுதான்.

எல்லாத்தையும் விட எனக்கு கடுப்பான விஷயம், வட்டிக்கு ஃபெடரல் தர்ற மானியத்த அப்படியே முழுசா வரும்னு பட்ஜெட்ல எழுதுறது. 2010 மார்ச்ல வந்த ஹயர் ஆக்ட்ங்கிற சட்டத்துல, பாண்ட் வாங்குனவங்களுக்கு தர்ற வரிச்சலுகைக்கு பதிலா பாண்ட் போட்டவங்களுக்கே நேரா காசா தர்றோம்னாங்க, டிஸ்ட்ரிக்ட்டுங்களும் நம்பி அதுக்கு போனாங்க. 2013 மார்ச்ல சீக்வெஸ்டர் (ஃபெடரல் செலவ தானா வெட்டுற ஏற்பாடு) வந்து அந்த வருஷம் மானியத்துல 8.7 சதவீதம் வெட்டு. வாக்கு குடுத்துட்டு கைய விரிக்கிறதுக்கு வேற என்ன பேரு? 2020 அக்டோபர்லேர்ந்து வெட்டு 5.7 சதவீதம், அது 2030 செப்டம்பர் வரைக்கும் போகுது. வருஷத்துக்கு 10 லட்சம் டாலர் வரவேண்டிய டிஸ்ட்ரிக்ட்டுக்கு 57,000 துண்டு விழும், பாண்ட் வாங்குனவனுக்கு முழு வட்டி குடுத்தே ஆகணும்ல, அதனால அந்த ஓட்டைய சொந்தக் காசுலதான் அடைக்கணும். மானியமும் தானா வராது, வட்டித் தேதிக்கு முன்னாடி ஃபெடரல் வரித்துறைக்கு 8038-சிபி ஃபாரம் போடணும், மறந்தா லேட்டாகும்.

யூஸ் பண்ணாத லிமிட் அடுத்த வருஷத்துக்கு போகும்னு இருந்த விதிய பிடிச்சுக்கிட்டு இன்னமும் கணக்கு போடுறவங்களுக்கு ஒண்ணு: 2017 வரிச் சட்டத்துல இந்த மாதிரி பாண்டுக்கே முடிவு கட்டிட்டாங்க. அந்த வருஷ டிசம்பர் 31க்கு அப்புறம் புதுசா ஒண்ணுகூட போட முடியாது.