உயிரியல் பூங்காவில் விலங்கு நலமாக இருக்கிறதா? நின்று பார்க்கும் முறை

வண்டலூர் அறிஞர் அண்ணா பூங்கா மட்டுமே 602 ஹெக்டேர். ஒரே நாளில் எல்லாவற்றையும் சுற்றினால் எதையும் பார்த்ததாகாது. மூன்று இருப்பிடங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் முன்பும் கால் மணி நேரம் நில்லுங்கள். வெயில் ஏறினால் பல விலங்குகள் படுத்துவிடும். கதவு திறந்ததுமே போய்விடுங்கள். வண்டலூரில் செவ்வாய்க்கிழமை விடுமுறை.

முதலில் தரையைப் பாருங்கள். வேலியோரமாகப் புல் தேய்ந்து மண் தெரியும் ஒற்றைத் தடம் இருந்தால், புலி அதே வழியில் நடந்து அதே இடத்தில் திரும்புகிறதா என்று கவனியுங்கள். இப்படி ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வது அடைபட்ட விலங்கின் மன உளைச்சலைக் காட்டலாம். கரடி ஓயாமல் தலையாட்டுவதும் இதே வகைதான். கிளி தன் இறகைத் தானே பிடுங்கினால் மார்பு மொட்டையாகும். அலகு எட்டாததால் தலை இறகு மட்டும் அப்படியே இருக்கும்.

ஆனால் உடனே தீர்ப்பு சொல்லிவிடாதீர்கள். இரை வரும் நேரத்தில், நன்றாகப் பராமரிக்கப்படும் விலங்கும் கதவருகே உலாத்தும். சர்க்கஸிலிருந்து மீட்கப்பட்டவற்றுக்கு நல்ல இடம் கிடைத்த பிறகும் பழைய பழக்கம் விடாமல் இருக்கலாம். வேறொரு நேரத்திலும் வந்து பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

சிங்கவால் குரங்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் பெரும்பாலும் மரத்திலேயே வாழ்வது. ஏறக் கிளையோ கயிறோ இல்லாவிட்டால், தரை எவ்வளவு அகலமாக இருந்தாலும் அதற்குப் பயனில்லை. நிழல், தண்ணீர், ஒதுங்க மறைவு மூன்றும் எல்லா விலங்குக்கும் வேண்டும். விலங்கு கண்ணில் படவில்லையென்றால் வருத்தப்படாதீர்கள். ஒளிய இடம் இருக்கிறது என்று அர்த்தம். அதைக் கத்தி எழுப்புவது கொடுமை. சீண்டுவது, கூச்சலிடுவது, தீனி போடுவது எல்லாமே வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 38-ஜே பிரிவில் தடைசெய்யப்பட்டவை. மான் பிளாஸ்டிக் பையை விழுங்கினால் அது செரிக்காமல் முதல் இரைப்பையில் தங்கி அடைத்துக்கொள்ளும். மான் தீனி எடுக்காமல் மெலிந்து சாகும்.

இந்தியாவில் மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாமல் பூங்கா நடத்த முடியாது. ஆணையத்தின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பூங்காவின் ஆண்டறிக்கை கிடைத்தால் இறப்புக் காரணங்களைப் படியுங்கள். ஒரே இனத்தில் சண்டைக் காயத்தால் சாவு திரும்பத் திரும்ப வந்தால், நெரிசலா, கூட்டம் பிரித்த முறையில் தவறா என்று நிர்வாகத்தைக் கேட்க வேண்டும்.

புகார் எழுதுவதானால் 'பாவமாக இருந்தது' என்பது போதாது. எந்த இருப்பிடம், என்ன நேரம், பத்து நிமிடத்தில் எத்தனை சுற்று என்று குறித்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுத்த இரண்டு நிமிட வீடியோவோடு இயக்குநர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். கால்நடை மருத்துவருக்கு உதவுவது அந்தக் கணக்குதான்.