வீட்டுக்கு ஆல் இன் ஒன் பிரிண்டர் வாங்குமுன் மையின் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

கடையில் அடுக்கி வைத்திருந்த பிரிண்டர்களில் மிகக் குறைந்த விலையுள்ளதைத் தேர்ந்தெடுத்து ஒருமுறை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நான்காயிரம் ரூபாய்க்குள் அச்சு, ஸ்கேன், ஜெராக்ஸ் மூன்றும் கிடைத்துவிட்டதே என்ற மகிழ்ச்சி, பெட்டியோடு வந்த கருப்பு கார்ட்ரிட்ஜ் மகளின் அரையாண்டுத் தேர்வுக்கான மாதிரி வினாத்தாள்களை அச்சிட்டு முடிப்பதற்குள்ளாகவே தீர்ந்தபோது போய்விட்டது. புதிதாகக் கருப்பு ஒன்றும் வண்ணம் ஒன்றும் வாங்கியதில் பிரிண்டரின் விலையில் ஏறத்தாழ பாதி செலவானது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அதுதான் நடந்தது. அதனால் பிரிண்டர் வாங்க நினைப்பவர்கள் இயந்திரத்தின் விலையைப் பார்க்குமுன், ஒரு பக்கத்துக்கு எவ்வளவு மைச்செலவு ஆகும் என்று கணக்கிட வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

அந்தக் கணக்கு எளிது. கார்ட்ரிட்ஜ் அல்லது மை புட்டியின் விலையை, அது அச்சிடும் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் போதும். பக்க எண்ணிக்கை பெட்டியிலோ நிறுவனத்தின் இணையதளத்திலோ இருக்கும், ஐ.எஸ்.ஓ. 24711 என்ற தரமுறைப்படி அளந்தது என்று குறிப்பிட்டிருந்தால் ஒன்றோடொன்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். விலை குறைந்த பிரிண்டர்களின் சிறிய கருப்பு கார்ட்ரிட்ஜ் சுமார் 120 பக்கங்களே தரும். அதன் விலை 850 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பக்கத்துக்கு ஏழு ரூபாய் ஆகிறது. இங்க் டேங்க் பிரிண்டரில் கார்ட்ரிட்ஜ் இல்லை; உள்ளிருக்கும் தொட்டியில் புட்டி மையை ஊற்றுகிறோம். எப்சன் நிறுவனத்தின் அவ்வகைப் பிரிண்டர்கள் பலவற்றுக்கும் பொருந்தும் 003 என்ற கருப்பு மை புட்டி 65 மில்லி கொண்டது. 4,500 பக்கம் வரும் என்பது நிறுவனத்தின் கணக்கு. புட்டியை 400 ரூபாய் என்று கொண்டாலும் பக்கத்துக்கு ஒன்பது பைசாதான். 500 தாள் கொண்ட ஒரு ரீமை 275 ரூபாய்க்கு வாங்கினால் ஒரு தாளே 55 பைசா ஆகிறது. இங்க் டேங்கில் மையைவிடக் காகிதத்துக்கே அதிகம் செலவாகிறது என்பதை இதிலிருந்து அறியலாம். புது இயந்திரத்தில் முதல் முறை ஊற்றும் மையில் ஒரு பங்கு உள்ளிருக்கும் குழாய்களை நிரப்பவே போய்விடுமாதலால், முதல் புட்டியில் இந்த எண்ணிக்கை கிடைக்காது.

இங்க் டேங்க் பிரிண்டருக்கு எட்டாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்க நேர்ந்தால், பக்கத்துக்கு ஏறத்தாழ ஏழு ரூபாய் மிச்சமாகும் கணக்கில் சுமார் 1,150 பக்கங்களில் அந்தத் தொகை திரும்பி வந்துவிடும். பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மாதம் ஐம்பது பக்கம் அச்சிட்டாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் அது ஈடாகும். மாதம் பத்துப் பக்கம்கூட அச்சிடாதவர்களுக்கு நான் கார்ட்ரிட்ஜோ டேங்கோ, மையால் அச்சிடும் எந்த இங்க்ஜெட் பிரிண்டரையும் பரிந்துரைக்க மாட்டேன். மை பயன்படாமல் நிற்கும்போது, அதைத் தாளில் தெளிக்கும் பிரிண்ட் ஹெட்டின் நுண்துளைகளில் உலர்ந்து அடைத்துக்கொள்கிறது. நம் கோடையில் அது இன்னும் விரைவாக நடக்கிறது. அவர்களுக்குத் தெருமுனை ஜெராக்ஸ் கடையே போதும். கருப்பு எழுத்து மட்டும் தேவைப்படுவோர் கருப்பு வெள்ளை லேசர் வாங்கலாம். அதில் மைக்குப் பதிலாக உள்ள டோனர் பொடியாதலால் உலரும் தொல்லை இல்லை. பொடியைத் தாளில் உருக்கிப் பதிக்கும்போது லேசர் பிரிண்டர் நிறைய மின்சாரம் இழுக்குமாதலால், அதை வீட்டு இன்வெர்ட்டர் இணைப்பில் மாட்டக் கூடாது.

இங்க் டேங்க் என்று முடிவானபின் ஹெட்டைப் பற்றிக் கேட்க வேண்டும். எப்சன், பிரதர் நிறுவனங்களின் ஹெட், மின்னழுத்தத்தில் வளையும் படிகத்தால் மையைத் தள்ளுகிறது, கேனான், எச்.பி. ஹெட் மையை நொடிப்பொழுது சூடாக்கிக் குமிழியால் தள்ளுகிறது. முதல் வகை நெடுநாள் உழைக்கும்; ஆனால் அடைத்துக்கொண்டால் சர்வீஸ் சென்டர்தான் கதி. இரண்டாம் வகையில் பல மாடல்களில் ஹெட்டைக் கழற்றி நாமே புதியது மாட்டலாம். விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிவிட்டு வாரக்கணக்கில் ஊருக்குப் போகும் குடும்பத்துக்கு இரண்டாவதே பாதுகாப்பு என்பது என் கருத்து.

கருப்பு மை, நுண்துகள் கலந்த பிக்மென்ட் வகையா, கரைந்த சாயமான டை வகையா என்பதையும் விசாரியுங்கள். கடையில் ஒரு மாதிரிப் பக்கம் அச்சிடச் சொல்லி, அது காய்ந்தபின் ஈர விரலால் ஓர் எழுத்தின் மேல் தேய்த்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். டை மை சாம்பல் நிறமாகக் கலங்கிப் பரவும். பிக்மென்ட் மை பெரும்பாலும் அப்படியே நிற்கும். விண்ணப்பங்களும் சான்றிதழ் நகல்களும் மழையில் கையில் பிடித்துக்கொண்டு அலுவலகம் செல்ல வேண்டியவை என்பதால் இதைச் சிறிய விஷயமாக எண்ண வேண்டாம்.

அடைப்பை நீக்க ஹெட் கிளீனிங் செய்யும்போதெல்லாம் கொஞ்சம் மை உறிஞ்சப்பட்டு, அடியிலுள்ள வேஸ்ட் இங்க் பேட் என்ற கழிவு மைப் பஞ்சில் சேர்கிறது. அது நிறைந்துவிட்டதாக இயந்திரம் கணக்கிட்டால் அச்சிடுவதையே நிறுத்திவிடும். சில மாடல்களில் இது நாமே மாற்றக்கூடிய சிறு பெட்டியாக இருக்கிறது. இரண்டு மாடல்களுக்கு இடையே ஊசலாடினால் அத்தகையதையே எடுங்கள்.

ஸ்கேனரைப் பொறுத்தவரை, கண்ணாடித்தட்டு பெரும்பாலும் ஏ4 அளவுதான். முத்திரைத்தாளில் எழுதிய பத்திரம் அதைவிட நீளமாதலால் அடிப்பகுதி கண்ணாடிக்கு வெளியே நின்றுவிடும். வீட்டுப் பத்திரங்களை ஸ்கேன் செய்ய வேண்டியவர்கள், ஏ4-ஐவிட நீளமான லீகல் அளவுத் தாளைத் தானே உள்ளிழுத்து ஸ்கேன் செய்யும் தானியங்கி ஃபீடர் உள்ள மாடலைப் பார்க்க வேண்டும். ஆதார் அட்டையின் இரு பக்கத்தையும் ஒரே தாளில் தரும் ஐ.டி. காப்பி பொத்தானும், தாளின் இருபுறமும் தானே அச்சிடும் வசதியும் பயனுள்ளவை. வைஃபை உள்ள வீட்டுப் பிரிண்டர்கள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இணையும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உத்தரவாதம் பெரும்பாலும் ஓராண்டு அல்லது குறிப்பிட்ட பக்க எண்ணிக்கை, இவற்றுள் எது முந்துகிறதோ அதுவரைதான். உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் உண்டா, அல்லது பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டுமா என்பதை வாங்குமுன்பே விசாரியுங்கள். கார்ட்ரிட்ஜ் பிரிண்டரே வாங்குவதாயின், வேறு நிறுவனத்தின் கார்ட்ரிட்ஜை அது ஏற்குமா என்றும் பாருங்கள், எச்.பி. நிறுவனத்தின் ‘டைனமிக் செக்யூரிட்டி’ கொண்ட பிரிண்டர்கள், அந்நிறுவனத்தினது அல்லாத சிப் உள்ள கார்ட்ரிட்ஜைத் தடுத்துவிடும்.

வீட்டுக்கு வந்தபின் பிரிண்டரைச் சமதளத்தில் வையுங்கள். மை ஊற்றியபின் சாய்த்துத் தூக்காதீர்கள். சுவரிலுள்ள சுவிட்சை அணைக்காமல் முதலில் இயந்திரத்தின் பொத்தானை அழுத்தி அணைத்தால்தான் ஹெட் தன் மூடிக்குள் போய் அமரும். வாரம் ஒருமுறை நான்கு வண்ணமும் கலந்த ஒரு பக்கம் அச்சிடுங்கள். எழுத்தில் வெள்ளைக் கோடு விழுந்தால் நாசில் செக் என்ற சோதனைத் தாளை அச்சிட்டு எடுத்துப் பாருங்கள். படிக்கட்டுப் போல் அமைந்த மெல்லிய கோடுகளில் எங்கே இடைவெளி இருக்கிறதோ அந்தத் துளைகளில் மை வரவில்லை என்று பொருள். இரண்டு மூன்று முறை கிளீனிங் செய்தும் இடைவெளி மறையவில்லை என்றால், அத்தோடு நிறுத்தி, பிரிண்டரை அணைத்து இரவு முழுவதும் விட்டுவிட்டு, மறுநாள் காலையில் மீண்டும் நாசில் செக் எடுத்துப் பாருங்கள்.